கட்சி வாசலில் ஒரு வெளியாள்: சாண்டர்ஸ் முதல் 2028 வரை ஓயாத சண்டை

2016 ஏப்ரல் 19 அன்று நியூயார்க் மாநிலத்தில் முன்தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சியில் டொனால்ட் டிரம்ப் சொந்த ஊரில் அமோகமாக ஜெயித்தார். ஆனால் அவர் மகள் இவாங்காவாலும் மகன் எரிக்காலும் அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியவில்லை. ஒரு கட்சியின் வாக்காளர் என்று பதிந்துகொண்டவர் மட்டுமே அந்தக் கட்சியின் முன்தேர்தலில் வாக்களிக்கலாம் என்பது அங்கே விதி. ஏற்கெனவே வாக்காளர் பட்டியலில் இருப்பவர் கட்சியை மாற்றிப் பதிய வேண்டுமானால், முந்தைய ஆண்டு அக்டோபர் 9க்குள் செய்திருக்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் கோட்டைவிட்டார்கள்.

அதே விதி அன்றைக்கு ஜனநாயகக் கட்சி வாசலிலும் நின்றது. ஹிலாரி கிளிண்டனை எதிர்த்து நின்ற இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸுக்கு ஓட்டுப் போடலாம் என்று கிளம்பிய, எந்தக் கட்சியிலும் பதியாத இளைஞர்களைத் திருப்பி அனுப்பியது. டிரம்ப் வீட்டில் அது சிரிப்போடு முடிந்தது. சாண்டர்ஸ் பக்கத்தில் அப்படி முடியவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே இவருக்குத்தான் ஓட்டு என்று யாருக்குத் தெரியும், இது வெளியாளைத் தடுக்கப் போட்ட வேலி என்றார்கள். கட்சியின் வேட்பாளரைக் கட்சிக்காரர்தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மறுபக்கம் கேட்டது. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்ததால்தான் சண்டை இன்னும் ஓயவில்லை.

இப்போது அந்தச் சண்டை நியூயார்க்கின் இடதுசாரி எம்பி அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் பெயரில் நடக்கிறது. 2028இல் அவர் அதிபர் தேர்தலுக்கு வந்தால் கட்சி பிழைக்குமா, உடையுமா என்று 2025இலேயே பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. ஆள் அறிவிக்கும் முன்பே எதற்கு இத்தனை பதற்றம்? இது விளங்க வேண்டுமானால், அமெரிக்கக் கட்சி என்பது நாம் பழகிய மாதிரியான கட்சி இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சீட் கொடுக்காத தலைமை

தமிழ்நாட்டில் தேர்தல் வந்தால் விருப்ப மனு கொடுப்பார்கள், பணம் கட்டுவார்கள், நேர்காணலுக்குப் போவார்கள். கடைசியில் தலைமை ஒரு பட்டியலை வெளியிடும். அதில் பெயர் இல்லாதவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், இல்லையென்றால் சுயேச்சையாக நிற்பார். அமெரிக்காவில் அப்படிப் பட்டியல் போடும் தலைமையே கிடையாது. ஜனநாயகக் கட்சிக்கு ஒரு தேசியக் குழு உண்டு, அதற்குத் தலைவரும் உண்டு. ஆனால் அதிபர் பதவிக்கு முயல்கிற ஒருவரிடம் ‘உனக்கு சீட் இல்லை’ என்று அவர் சொல்ல முடியாது.

வேட்பாளரை முடிவு செய்வது முன்தேர்தல்தான். பிரைமரி என்று செய்திகளில் படிப்பீர்களே, அதுதான். மாநிலம் மாநிலமாக, ஜனவரி பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை நடக்கும். சில இடங்களில் ஓட்டுச்சாவடிக்குப் பதிலாக ‘காக்கஸ்’ என்ற கூட்டம்: பள்ளிக்கூட அரங்கில் ஆளுக்கொரு மூலையில் போய் நின்று தலைகளை எண்ணுவார்கள். ஜனநாயகக் கட்சியில் 15 விழுக்காட்டைத் தாண்டியவர்களுக்கு, வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப ‘டெலிகேட்’ எனப்படும் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். கோடையில் நடக்கும் தேசிய மாநாட்டில் பாதிக்கு மேல் பிரதிநிதிகள் யாரிடம் இருக்கிறார்களோ, அவரே கட்சியின் வேட்பாளர்.

கட்சியில் ‘உறுப்பினர்’ என்பதும் இதே கதைதான். சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது. மாநில அரசின் வாக்காளர் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் நீங்கள் ஜனநாயகக் கட்சிக்காரர். சில மாநிலங்களில் அந்தக் கட்டமே கிடையாது. சாண்டர்ஸின் வெர்மான்ட் அப்படிப்பட்ட மாநிலம். அங்கே யாரும் எந்தக் கட்சியிலும் பதிய முடியாது. ‘இவர் நம் கட்சியில் பதிந்தவரே இல்லை’ என்று அவரைக் குறை சொன்னவர்கள் இதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

அதற்காக அவர் கட்சிக்காரர் என்றும் சொல்லிவிட முடியாது. 1981இல் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலில் 10 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தபோது அவர் சுயேச்சை. 1991 முதல் பிரதிநிதிகள் சபையில், 2007 முதல் செனட்டில், அங்கும் சுயேச்சை. ஜனநாயகக் கட்சி அணியோடு உட்காருவார், குழுத் தலைவர் பதவிகளை வாங்கிக்கொள்வார், ஆனால் கட்சிப் பெயரை மட்டும் போட்டுக்கொள்ள மாட்டார். 2006இல் வெர்மான்ட்டில் அந்தக் கட்சியின் செனட் முன்தேர்தலில் ஜெயித்துவிட்டு, ‘உங்கள் சீட் வேண்டாம்’ என்று திருப்பிக் கொடுத்தவர். 2018இலும் அதையே செய்தார். இப்படிப்பட்டவர் 2015 ஏப்ரலில் வந்து, எனக்கு உங்கள் அதிபர் வேட்பாளர் இடம் வேண்டும் என்று கேட்டால், நாற்பது ஆண்டுகள் கட்சிக்கு நிதி திரட்டிக் கொடுத்தவர்களுக்கு எப்படி இருக்கும்? அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது.

தனிக்கட்சி ஏன் தொடங்கவில்லை?

முதலில் வரும் கேள்வி இதுதான். பதில் எண்களில் இருக்கிறது. 1992இல் ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர் சுயேச்சையாக நின்று சுமார் 19 விழுக்காடு ஓட்டு வாங்கினார். ஐந்தில் ஒருவர் அவருக்கு வாக்களித்தார்கள். மாநிலங்களின் சார்பில் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் 538 ஓட்டில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். மிகப் பெரும்பாலான மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர் ஓட்டும் போய்விடும். இரண்டாமிடத்துக்கு ஆறுதல் பரிசு கிடையாது.

2000இல் நடந்தது இதைவிடக் கசப்பு. பசுமைக் கட்சி சார்பில் ரால்ஃப் நாடர் நின்றார். ஃபுளோரிடாவில் அவருக்கு 97,488 ஓட்டு. அதே ஃபுளோரிடாவில் ஜார்ஜ் புஷ் ஆல் கோரைத் தோற்கடித்தது 537 ஓட்டில். நாடருக்கு விழுந்ததில் சிறு பங்கு கோருக்குப் போயிருந்தாலும் அதிபர் வேறு ஆளாக இருந்திருப்பார் என்ற கணக்கு ஜனநாயகக் கட்சியினர் மனதில் கல்வெட்டாகப் பதிந்துவிட்டது. சாண்டர்ஸ் இதை நன்றாக அறிந்தவர். வெளியே நின்று ஓட்டைப் பிரித்தவன் என்ற பழி வேண்டாம் என்பதால்தான் உள்ளே வந்து கேட்டார். வேடிக்கை என்னவென்றால், வெளியே நின்றால் ‘ஓட்டைப் பிரிக்கிறான்’, உள்ளே வந்தால் ‘கட்சியைப் பிரிக்கிறான்’.

ஒகாசியோ-கோர்ட்டெஸ் 2020இல் ஒரு பேட்டியில் சொன்னது இந்த நிலைமையைப் படம்பிடித்துக் காட்டும்: வேறெந்த நாடாக இருந்தாலும் தானும் ஜோ பைடனும் ஒரே கட்சியில் இருந்திருக்க மாட்டோம் என்றார். உண்மைதான். ஐரோப்பாவில் இவர்கள் தேர்தலுக்குப் பின் கூட்டணி பேசும் இரண்டு கட்சிகள். அமெரிக்காவில் தேர்தலுக்கு முன்பே ஒரே கூரைக்குள் மல்லுக்கட்ட வேண்டிய உறவினர்கள்.

சூப்பர் டெலிகேட் என்ற பூட்டு

கதவு இவ்வளவு திறந்திருந்தால் கட்சிப் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? இருக்கவில்லை. இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1968 வரை முன்தேர்தல் பெரும்பாலும் பேருக்குத்தான். வியட்நாம் போர் கொதித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில், போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி முன்தேர்தல்களில் நின்று நாட்டைக் கலக்கினார். அதிபர் லிண்டன் ஜான்சன் மறுபடி நிற்கவில்லை என்று விலகினார். ராபர்ட் கென்னடி ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடைசியில் சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானவர் துணை அதிபர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி. அவர் ஒரு முன்தேர்தலில்கூட நிற்கவில்லை. வெளியே தெருவில் போலீஸ் இளைஞர்களை அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நவம்பரில் ஹம்ஃப்ரி தோற்றார்.

அந்த அவமானத்துக்குப் பிறகு விதிகளை மாற்ற ஒரு ஆணையம் அமைத்தார்கள். ‘வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கட்டும்’ என்ற இன்றைய ஏற்பாடு அங்கேதான் பிறந்தது. ஆணையத்தின் தலைவர் ஜார்ஜ் மெகவர்ன். அவரே 1972இல் புதிய விதிகளின் கீழ் நின்று, போர் எதிர்ப்பு இளைஞர் பட்டாளத்தோடு வேட்பாளரானார். நவம்பரில் 50 மாநிலங்களில் 49ஐத் தோற்றார். மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும் மிஞ்சின.

ஜனநாயகக் கட்சியின் பழைய ஆட்கள் இன்றும் முற்போக்கு வேட்பாளரைப் பார்த்தவுடன் ‘மெகவர்ன்’ என்று முணுமுணுப்பது இதனால்தான். ஒரே தேர்தல்தான், அதுவும் அரை நூற்றாண்டு பழையது. நிதானமாக நடுவழியில் போன வேட்பாளர்களும் தோற்றிருக்கிறார்கள்: 1984இல் வால்டர் மாண்டேலும் 49 மாநிலங்களைத்தான் தோற்றார். ஆனால் அந்தத் தோல்வியை யாரும் பூச்சாண்டியாகக் காட்டுவதில்லை. இது எனக்கு என்றுமே நியாயமாகப் படவில்லை.

மெகவர்ன் பயத்தில் 1980களில் கட்சி ஒரு பூட்டைச் செய்தது. எம்பிக்கள், ஆளுநர்கள், தேசியக் குழுவினர், முன்னாள் அதிபர்கள் எல்லோரும் மாநாட்டில் தானாகவே பிரதிநிதிகள். முன்தேர்தலில் யார் ஜெயித்தாலும் இவர்கள் தம் விருப்பப்படி ஓட்டுப் போடலாம். இவர்களுக்குத்தான் ‘சூப்பர் டெலிகேட்’ என்று பெயர். 1984இல் முதன்முறை வந்தார்கள். 2016 வாக்கில் சுமார் 700 பேர், மாநாட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு.

2016இல் அந்தப் பூட்டு எல்லார் கண்ணிலும் பட்டது. அயோவாவில் முதல் ஓட்டு விழும் முன்பே 300க்கும் மேற்பட்ட சூப்பர் டெலிகேட்டுகள் ஹிலாரி கிளிண்டன் பக்கம் என்று செய்தி வந்துவிட்டது. பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் 60க்கு 38 என்று அடித்து நொறுக்கினார். ஓட்டு மூலம் அவருக்கு 15 பிரதிநிதிகள், கிளிண்டனுக்கு 9. ஆனால் அந்த மாநிலத்தின் சூப்பர் டெலிகேட்டுகளில் 6 பேர் கிளிண்டன் பக்கம் இருந்ததால், தொலைக்காட்சிக் கணக்கில் 15க்கு 15. இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தவன் சமநிலை என்றால் எவனுக்குத்தான் கோபம் வராது?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாண்டர்ஸ் 2016இல் தோற்றது சூப்பர் டெலிகேட்டால் அல்ல. முன்தேர்தல்களில் கிளிண்டனுக்கு விழுந்தது ஏறக்குறைய 1 கோடியே 69 லட்சம் ஓட்டு. சாண்டர்ஸுக்கு 1 கோடியே 32 லட்சம். சாதாரணப் பிரதிநிதிகள் கணக்கிலும் கிளிண்டனே முன்னிலை. தென் மாநிலங்களின் கறுப்பின வாக்காளர்கள் கிளிண்டனோடு நின்றார்கள். தென் கரோலினாவில் அவருக்கு 73 விழுக்காட்டுக்கு மேல். ‘திருடிவிட்டார்கள்’ என்று பேசுபவர்கள் அந்த வாக்காளர்களை ஆளாகவே மதிக்காமல் பேசுகிறார்கள். ஆனால் நடுவர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தார் என்பதும் பொய்யில்லை. ஜூலையில் மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்பு விக்கிலீக்ஸ் வெளியிட்ட தேசியக் குழுவின் மின்னஞ்சல்களில் சாண்டர்ஸ் மீதான கடுப்பு பச்சையாகத் தெரிந்தது. குழுவின் தலைவி டெபி வாஸர்மன் ஷுல்ட்ஸ் மாநாடு தொடங்கும் முன்பே, பதவி விலகுவதாக அறிவிக்கும்படி ஆயிற்று.

நவம்பரில் டிரம்ப்பிடம் தோற்ற கிளிண்டன் மிச்சிகனை 10,704 ஓட்டில் இழந்தார். அன்றிலிருந்து இரண்டு கதைகள். ‘உன் ஆட்கள் ஓட்டுப் போட வராததால் தோற்றோம்’ என்பது ஒரு கதை. ‘எங்கள் ஆளை நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்போம்’ என்பது இன்னொரு கதை. இரண்டையும் நிரூபிக்க முடியாது. ‘சாண்டர்ஸ் 2020இல் மறுபடி வரலாமா’ என்று கட்சி பிளந்துகொண்டதெல்லாம் இந்த இரண்டு கதைகளுக்கு நடுவில்தான்.

கட்சி இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று கொடுத்தது. 2018 ஆகஸ்டில் சிகாகோவில் கூடி, போட்டி இழுபறியாக இருந்தால் மாநாட்டின் முதல் சுற்று வாக்கெடுப்பில் சூப்பர் டெலிகேட்டுகள் ஓட்டுப் போடக் கூடாது என்று விதியை மாற்றினார்கள். அதே ஆண்டு இன்னொரு விதி: அதிபர் வேட்பாளராக வருகிறவர் ‘நான் ஜனநாயகக் கட்சிக்காரர், அப்படியே ஆட்சி செய்வேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரை நினைத்து எழுதிய விதி என்று சொல்லத் தேவையில்லை. 2019 மார்ச்சில் சாண்டர்ஸ் அதில் கையெழுத்துப் போட்டார். அதே வாரத்தில் 2024 செனட் தேர்தலுக்குச் சுயேச்சையாகவும் பதிவு செய்தார்.

மூன்று நாளில் திரும்பிய காற்று

விதியை மாற்றினாலும் பெரியவர்களுக்கு வேறு வழி இருக்கிறது என்பதை 2020 காட்டியது. சாண்டர்ஸ் நியூ ஹாம்ப்ஷயரில் முதலிடம், நெவாடாவில் பெரிய வெற்றி. நெவாடாவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லாஸ் வேகாஸ் ஓட்டல் ஊழியர்களின் பெரிய தொழிற்சங்கம், தான் போராடி வாங்கிய மருத்துவக் காப்பீடு சாண்டர்ஸின் அரசு மருத்துவத் திட்டத்தால் போய்விடும் என்று துண்டறிக்கை கொடுத்தது. ஆனால் காக்கஸ் நாளில், அந்த ஓட்டல்களிலேயே அமைத்த பெரும்பாலான வாக்களிப்பு இடங்களில் ஊழியர்கள் சாண்டர்ஸ் பக்கம் போய் நின்றார்கள். தலைமை ஒரு பக்கம், தொண்டர் ஒரு பக்கம். கட்சி முழுவதும் இருந்த விரிசல் ஒரு ஓட்டல் கூடத்துக்குள் தெரிந்தது.

பிறகு காற்று திரும்பியது. பிப்ரவரி 26 அன்று தென் கரோலினாவின் மூத்த கறுப்பின எம்பி ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார். 29ஆம் தேதி பைடன் அங்கே பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். நடுவழி வேட்பாளர்களில் பீட் புட்டிஜெஜ் மார்ச் 1 அன்று விலகினார், அடுத்த நாள் ஏமி குளோபுச்சர். இருவரும் பைடன் பின்னால் வந்து நின்றார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் பைடனுக்கு 10, சாண்டர்ஸுக்கு 4. ஏப்ரல் 8 அன்று சாண்டர்ஸ் விலகினார்.

சதி என்றார்கள் சிலர். எனக்கு அது அரசியலாகத்தான் தெரிகிறது. நடுவழி ஓட்டு நான்காகச் சிதறும்வரை வெளியாளுக்கு 30 விழுக்காடு போதும். ஒன்று சேர்ந்தால் போதாது. 2016இல் குடியரசுக் கட்சியில் 17 பேர் நின்று, நேரத்தில் யாரும் விலகாமல் இழுத்தடித்ததால்தான் டிரம்ப் என்ற வெளியாள் உள்ளே நுழைய முடிந்தது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அதைப் பார்த்துப் பாடம் படித்திருந்தார்கள்.

2028க்கு இப்போதே ஏன்?

முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே ஒரு தேர்தல் நடந்து முடிந்துவிடும். அங்குள்ள அரசியல் ஆய்வாளர்கள் அதைக் ‘கண்ணுக்குத் தெரியாத முன்தேர்தல்’ என்பார்கள். பணக்காரர்கள் யாருக்குக் காசோலை எழுதுகிறார்கள், ஆளுநர்கள் யாரோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், அனுபவமுள்ள தேர்தல் பணியாளர்கள் யாரிடம் வேலைக்குச் சேருகிறார்கள் என்பதுதான் அது. எந்த மாநிலம் முதலில் வாக்களிப்பது என்ற வரிசைகூட இதில் சேரும்; பைடன் கேட்டுக்கொண்டதால் 2024இல் தென் கரோலினாவை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அறிவிப்பு வரும் வரை காத்திருந்தால் இதெல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் இரண்டு பக்கமும் முந்திக்கொள்கின்றன.

2024 இந்தப் பதற்றத்தைக் கூட்டியது. ஜூலை 21 அன்று பைடன் விலகினார். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், அந்த ஆண்டு முன்தேர்தலில் அதிபர் வேட்பாளராக நிற்காமலேயே, இரண்டு வாரத்துக்குள் பிரதிநிதிகளின் ஓட்டில் கட்சியின் வேட்பாளரானார். நேரம் இல்லை, வேறு வழி இல்லை என்றார்கள். நவம்பரில் தோற்றதும், ‘எங்களைக் கேட்காமல் முடிவு செய்தீர்கள்’ என்ற பழைய குரல் மறுபடி எழுந்தது.

ஒகாசியோ-கோர்ட்டெஸ் சாண்டர்ஸ் மாதிரியான வெளியாள் இல்லை. அவர் ஜனநாயகக் கட்சிக்காரர்தான். 2018 ஜூனில், பிரதிநிதிகள் சபையில் கட்சியின் நான்காம் நிலைத் தலைவராக இருந்த ஜோ கிரௌலியை நியூயார்க் முன்தேர்தலில் தோற்கடித்து வந்தவர். 2024 அக்டோபரில் அவருக்கு 35 வயது ஆனது. அரசியல் சாசனம் அதிபருக்குக் கேட்கும் குறைந்தபட்ச வயது அதுதான். இரண்டு மாதம் கழித்து, சபையின் மேற்பார்வைக் குழுவில் கட்சியின் தலைமை இடத்துக்குப் போட்டியிட்டார். சக எம்பிக்கள் 131க்கு 84 என்று 74 வயது ஜெரி கானலியைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த சில மாதங்களில் சாண்டர்ஸோடு ஊர் ஊராகப் போனபோது டென்வரிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் முப்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். உள்ளே 84 ஓட்டு, வெளியே மைதானம் நிறைய ஆள்: அவர் ஏன் வெளியாள் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களே பதில்.

அதோடு அவருக்கு அவருடைய இடதுபுறத்திலும் தொல்லை. அமெரிக்க ஜனநாயக சோஷலிஸ்டுகள் அமைப்பின் தேசியத் தலைமை 2024இல் இஸ்ரேல் விவகாரத்தில் அவர் நிலைப்பாடு போதாது என்று ஆதரவைத் திரும்பப் பெற்றது. கட்சித் தலைமைக்கு அவர் அளவுக்கு மீறிய இடதுசாரி, தோழர்களுக்கு அவர் அளவுக்கு மீறிய கட்சிக்காரர்.

2025 நியூயார்க் மேயர் தேர்தல் இந்த வாதத்துக்குப் புதுத் தீனி போட்டது. இடதுசாரி வேட்பாளர் ஸோரான் மம்தானி கட்சியின் முன்தேர்தலில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்தார். விசுவாசம் பேசிய பக்கத்தின் வேட்பாளரான குவோமோ, தோற்றதும் சுயேச்சையாக நின்றார். செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவரான சக் ஷூமர், தன் சொந்த ஊரில், தன் சொந்தக் கட்சி வேட்பாளருக்கு வெளிப்படையாக ஆதரவே சொல்லவில்லை. நவம்பரில் மம்தானி ஜெயித்தார். அவர் உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர், பிறப்பால் அமெரிக்கர் அல்லர் என்பதால் அதிபர் தேர்தலுக்கு வர முடியாது. எனவே அந்த வெற்றியின் வெளிச்சமும் ஒகாசியோ-கோர்ட்டெஸ் மீதே விழுகிறது.

அவர் முன்னால் இருப்பது ஒரு கதவு மட்டும் இல்லை. ஷூமரின் செனட் இடமும் அதே 2028இல் தேர்தலுக்கு வருகிறது. 2025 மார்ச்சில் குடியரசுக் கட்சியின் செலவு மசோதா நிறைவேற ஷூமர் வழிவிட்டபோதே, அந்த இடத்துக்கு இவர் நிற்கட்டும் என்று கட்சிக்குள் பலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதிபர் தேர்தலுக்கு அவர் வேண்டாம் என்கிறவர்களில் சிலருக்கும் செனட் என்றால் ஆட்சேபம் இல்லை. 2025இல் கேட்டபோதெல்லாம் அவர் எதற்கும் பிடிகொடுக்கவில்லை.

எதற்கு நின்றாலும், நியூயார்க்கில் அவருக்கு ஓட்டுப் போட நினைக்கும் சுயேச்சை வாக்காளர் முன்தேர்தலுக்கு முந்தைய அக்டோபரிலேயே கட்சியை முடிவு செய்ய வேண்டியதில்லை. அந்த விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது தேர்தல் ஆண்டின் பிப்ரவரி 14 வரை நேரம் உண்டு.